காபி இல்லாத மூன்று மணி: கிரீன் டீயா, சுக்கு மல்லியா, மோரா?

பகல் மூன்று மணிக்கு ஒரே வவுச்சரை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கினேன். உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதம். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அதோடு முப்பது ஆண்டுகளாகக் குடித்துவந்த டிகாக்‌ஷன் காபியும் போயிற்று. முதல் சில வாரங்களுக்குக் காபி வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. ஸ்லீவுக்குப் பிறகு பலருக்கு வரும் நெஞ்செரிச்சல் எனக்கும் வந்ததால், என் தடை மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

ஆரம்பத் தலைவலியைப் பெரிதாக எண்ண வேண்டாம். காஃபீனை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும்; ஓரிரு நாளில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். அறுவைக்கு முந்தைய வாரங்களிலேயே டம்ளர் டம்ளராகக் குறைத்திருந்தால், காயவலியோடு அதையும் சேர்த்துச் சுமந்திருக்க மாட்டேன். மாதக்கணக்கில் தொடரும் பிற்பகல் மந்தம் வேறு சங்கதி.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது கிரீன் டீயை. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் காஃபீன். காபியில் அதைப்போல் மூன்று மடங்கு. இலையில் உள்ள தியானைன் என்ற பொருள் படபடப்பைக் குறைக்கும் என்பார்கள். விழிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அமிலம் குறைந்துபோன இந்தச் சிறிய வயிற்றில் இரும்பு ஏறுவதே பாடு. போதாக்குறைக்கு, கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ரயில் கால அட்டவணை போல ஒரு தாள் தொங்குகிறது. அதில் கிரீன் டீக்கு இடம் தேடுவதற்குள் தூக்கமே போய்விடும். பாட்டுப்பாடி விற்கும் ஊக்க பானங்களைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. காஃபீன், சர்க்கரை, வாயு மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கின்றன.

சுக்கு மல்லிக் காபியில் பெயரில்தான் காபி உண்டு. காஃபீன் துளியும் கிடையாது. அப்படியிருந்தும் பாதி மந்தம் விலகுகிறது. ஆவியும் காரமும் டவராவில் ஆற்றும் சடங்கும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று நினைக்கிறேன். மிளகைக் குறைத்துக்கொண்டால் வயிறும் சண்டைக்கு வருவதில்லை. வில்லன் கருப்பட்டி. "நாட்டுப்பொருள்தானே, ஒன்றும் செய்யாது" என்று என் பெரியம்மா தாராளமாகத் தட்டிப்போட்டுக் கொடுத்தார். அரை டம்ளர்தான் குடித்தேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, நெற்றி வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர்கள் இதை டம்பிங் என்கிறார்கள். எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் விலக்கில்லை. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கி, முன்பிருந்ததைவிட மோசமான சோர்வு வரும். கருப்பட்டியோ, தேனோ, வெள்ளைச் சர்க்கரையோ, குடலுக்கு எல்லாம் ஒரே கணக்கு.

என் கட்சி மோர். மூன்று மணிச் சோர்வில் பாதி, தாகம் போட்ட மாறுவேடம் என்பதைக் கண்டுகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் மடக்மடக்கென்று குடிக்க முடியாது. சாப்பாட்டோடும் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தொடக்கத்தில் இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அளந்து அளந்து குடித்தேன். இப்போது உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோரை இரண்டரை மணிக்கே மேசையில் வைத்து, ஒவ்வொரு வாயாக உறிஞ்சுகிறேன். மூன்றே காலுக்கு வவுச்சரில் எழுத்துகள் தெளிகின்றன.

மோரின் குறை, புரதம் சொற்பம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது இலக்கு. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். பத்து முட்டைக்கு இந்த வயிற்றில் ஏது இடம்? இங்கே வே, அதாவது பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதப் பொடி, வெல்கிறது, ஒரு கரண்டியிலேயே இருபது கிராமுக்கு மேல் கிடைக்கும். வெண்ணிலா வாசனைதான் எனக்கு ஆகாது. மணம் சேர்க்காத பொடியை வாங்கி மோரிலேயே கலக்கினேன். கறிவேப்பிலை மானத்தைக் காப்பாற்றியது. கொதிக்கும் பாலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், திரிந்து கட்டிகட்டியாக நிற்கும்.

பானமில்லாத போட்டியாளர்கள் இருவர்: பத்து நிமிட நடை, இருபது நிமிடத் தூக்கம். வீட்டில் இருந்தால் தூக்கம், அலுவலகத்தில் மாடிப்படி. தூக்கம் அரை மணியைத் தாண்டினால் எழுந்தபின் தலை பாறையாகக் கனக்கும்.

வைட்டமின் பி12, இரும்பு இரண்டையும் இந்தப் பந்தயத்தில் ஓடவிடுவது தவறு. அவை ஓடுதளம். பி12 உடலில் சேர உதவும் புரதத்தைச் சுரக்கும் செல்களில் பெரும்பங்கு, வெட்டி எடுத்த பகுதியோடு போய்விட்டது. கையிருப்பு கரையச் சில மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும் என்பதால் குறை தாமதமாகத்தான் முகம் காட்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் குறைந்த கையிருப்போடுதான் தொடங்குகிறார்கள். ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்காமல் மோரை மாற்றிச் சுக்கைப் பிடிப்பது வீண். விடாத வாந்தியோடு தடுமாற்றமோ குழப்பமோ வந்தால் பானம் தேடவே கூடாது. தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது மூன்று மணிக்கு வே கலந்த மோர், ஆறு மணிக்குக் கருப்பட்டி இல்லாத சுக்கு மல்லி, இரவு ஒன்பதுக்கு இரும்பு மாத்திரை. பக்கத்து மேசைக்காரர் மட்டும் தினமும் நாலு மணிக்கு ஃபில்டர் காபியை என் மூக்கருகே ஆற்றுகிறார். அவரை இடம் மாற்றச் சொல்லி மனுப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.