மங்குஸ்தானுக்கு விதை, ரம்புட்டானுக்கு ஒட்டு

பழக்கன்று வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா, எது நல்லது?" என்றுதான். மா வளர்த்துப் பழகியவர்கள் யோசிக்காமல் ஒட்டு என்பார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், லாங்சாட், அபியு, ஜபோட்டிகாபா என்று அதிகம் அறியப்படாத வெப்பமண்டலப் பழங்களின் பக்கம் வந்தால் அந்தப் பதில் பல இடங்களில் பொய்த்துப்போகிறது. இவற்றில் விதை உருவாகும் விதமே மரத்துக்கு மரம் வேறு.

மங்குஸ்தானை எடுத்துக்கொள்வோம். இதன் பூவில் வீரியமான மகரந்தம் கிடையாது. விதை கருவுறுதல் இல்லாமல், தாயின் திசுவிலிருந்தே உருவாகிறது. ஆகவே முளைக்கும் கன்று ஏறக்குறைய தாய்மரத்தின் நகல். பழத்தை உடைத்தால் பல சுளைகளில் விதையே இராது; ஒன்றிரண்டு சுளைகளில்தான் முழு விதை இருக்கும். அதில் பருமனானதை எடுத்து, சதையைக் கழுவி நீக்கி, அன்றே ஊன்ற வேண்டும். காய்ந்துவிட்டால் விதை செத்துவிடும். இரண்டாக வெட்டி ஊன்றினால்கூடத் துண்டுகளிலிருந்து முளை வருவதுண்டு.

விதைக்கன்றின் குறை காலம்தான். காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்த்துவிடும். ஆனால் அது குட்டையாக நின்றுவிடுகிறது. விளைச்சல் குறைவு, பழமும் சிறுத்துப்போகிறது. பக்கக் கிளையிலிருந்து குச்சி எடுத்து ஒட்டியிருந்தால் நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டில் படர்கிறது. எப்படியும் கிடைக்கப்போவது அதே பழம்தான் என்னும்போது, நிழலும் ஈரமும் கொடுத்துக் காத்திருக்க முடிந்தவர்களுக்கு நான் விதைக்கன்றையே சொல்வேன். தொட்டியிலோ குறுகிய இடத்திலோ வளர்ப்பவர்கள் ஒட்டு வாங்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மங்குஸ்தான் சுளை கண்ணாடிபோல் மாறுவதும், மஞ்சள் பால் கசிந்து சதை கசப்பதும் கன்றின் குற்றமல்ல. வறட்சிக்குப் பின் திடீரெனப் பெருமழை பெய்வதும் நீர் சீராக இல்லாததும்தான் முக்கியக் காரணங்கள். இதை எந்த ஒட்டும் தீர்த்துவிடாது.

ரம்புட்டான் நேர் எதிர். விதையிலிருந்து வரும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண்மரங்களாகிவிடும். நானே ஒரு விதைக்கன்றை ஆறு ஆண்டுகள் வளர்த்தேன். கொத்துக் கொத்தாகப் பூத்தது, அத்தனையும் உதிர்ந்தது. ஒரு பூவைப் பறித்து உற்றுப் பார்த்தபோது சுற்றிலும் மகரந்தத் தாள்கள் இருந்தன, நடுவில் காயாக வளரும் சூலகம் இல்லை. காய்க்கும் மரத்தின் பூவில் நடுவே சூலகமும் அதன் நுனியில் இரண்டாகப் பிளந்து சுருளும் சூலகமுடியும் தெளிவாகத் தெரியும்.

காய்க்கும் விதைக்கன்று கிடைத்தாலும் சுவைக்கு உத்தரவாதமில்லை. புளிப்பு மிகுந்திருக்கலாம், சதை மெலிந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, கடிக்கும்போது விதையின் மேல்தோல் நார்போலச் சதையோடு உரிந்து வாயில் சேர்வது. கொட்டையிலிருந்து சதை சுத்தமாகக் கழன்று வருவது ரகத்தின் குணம். அந்த ரகத்தின் கிளையிலிருந்து துளிர்மொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினால்தான் அது கிடைக்கும். மொட்டு ஒட்டிய கன்று மூன்றாம் ஆண்டு வாக்கிலேயே காய்க்கத் தொடங்கும். கிளையை மரத்திலேயே வைத்து வேர்விடச் செய்யும் விண்பதியத்திலும் வேர் பிடிக்கும், ஆனால் தாயிடமிருந்து பிரித்து நட்டபின் கணிசமானவை பட்டுப்போகின்றன. மரம் ஆண் என்று தெரிந்தால் வேரோடு பிடுங்க வேண்டாம். தண்டைக் குறுக்கி, புதிதாக வரும் துளிர்களில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டலாம். ஒரு கிளையை ஆணாகவே விட்டுவைத்தால் மகரந்தத்துக்கும் உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாங்சாட் மங்குஸ்தானின் வழியில் செல்வது: விதைக்கன்று தாயைப் போலவே இருக்கும், ஆனால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கேட்கும், இங்கே ஒட்டு மிச்சப்படுத்தும் காலம் பெரிது. ஜபோட்டிகாபாவும் விதையில் பெரும்பாலும் தாய்க்குணம் மாறாது. பொறுமை உள்ளவருக்கு விதையே போதும். அபியு வேறு விதம். விதையிலிருந்தே மூன்று ஆண்டுகளில் காய்த்துவிடுவதால் காலத்துக்காக ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் பழத்தின் அளவும் இனிப்பும் கன்றுக்குக் கன்று மாறுவதால், ஒரே ஒரு மரம் வைக்க இடமுள்ளவர்கள் ஒட்டுக்கன்றையே தேடிப்பிடிக்க வேண்டும். பழம் முழுக்க மஞ்சளாகும்வரை பறிக்கவும் கூடாது. முன்பே பறித்தால் தோலிலுள்ள பால் உதட்டில் பசையாக ஒட்டும்.

ரம்புட்டான் ஒட்டுக்கன்று வாங்குகிறவர்கள் ஒட்டிய இடத்துக்குக் கீழே முளைக்கும் துளிர்களை வாரந்தோறும் பார்த்துக் கிள்ளிவிடுங்கள். இலையைப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். அடித்துளிர் மேலோங்கி ஒட்டு பட்டுப்போனால், பூக்கும்வரை நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது ஒட்டுக்கு அடியில் வேராக இருந்த வேர்ச்செடியைத்தான்.