ஜாடியில் விற்கும் ‘எடுத்த ஈஸ்ட்’ வாங்காதீர்கள்: 86 பவுண்ட் போச்சு

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் நான் காய்ச்சின பியர் பாட்டில் வெடிக்க ஆரம்பித்தது. விடியறதுக்குள் ஒன்பது. காலையில் என் மகன் ஷூ எடுக்கப் போகிற இடம் அது. கை இன்னும் நடுங்குகிறது.

இங்கே இங்கிலாந்தில் வீட்டுக்கென்று பியர் காய்ச்ச 1963-லிருந்து லைசென்ஸ் வேண்டாம். நான் நாலு வருஷமாகக் காய்ச்சுகிறேன். நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் வண்டலில் கொதித்து ஆறின தண்ணீர் விட்டுக் கலக்குவேன். கசடு இறங்கியதும் மேலே நிற்கிற பால் நிற ஈஸ்ட்டை மட்டும் ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பேன், இதுதான் ‘எடுத்த ஈஸ்ட்’. ஒரு பாக்கெட் நாலைந்து தடவைக்கு வரும். இந்த முறை என் ஜாடி காலி. அதனால்தான் காய்ச்சுகிற சாமான் விற்கும் ஒரு இணையக் கடையில் வாங்கினேன். ‘இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட், புதுசாக எடுத்தது’ என்று போட்டிருந்தார்கள் (ஏல் ஒரு பியர் வகை). மூன்று ஜாடி 54 பவுண்ட், மால்ட்டும் (முளைகட்டின பார்லி) ஹாப்ஸும் (கசப்புக்குப் போடுகிற பூ) 32. ஆக 86 பவுண்ட்.

போனில் பேசினவர் என்ன மால்ட், எத்தனை டிகிரியில் நொதிக்க விடப் போகிறீர்கள், ஆரம்ப அடர்த்தி (தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும்) 1.050 வருமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். “போன வாரம் எடுத்தது, வேற எந்த ஈஸ்ட்டும் கலக்கலை” என்றார். தொழில் தெரிந்த மனுஷன் என்று நம்பிவிட்டேன். ஜாடியில் தேதியே இல்லை. அதைக்கூடக் கேட்கவில்லை.

அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.012-ல் மூன்று நாள் அசையாமல் நின்று, நொதித்து முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் 40 பாட்டிலில் அடைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒன்றைத் திறந்தால் பாதி பீறிட்டுக் கூரையில் அடித்தது. மீதியை அளந்தால் 1.004, பாட்டிலுக்குள்ளேயே இன்னும் நொதித்திருக்கிறது! ஏல் ஈஸ்ட் தொடாமல் விடுகிற டெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துத் துண்டுகளையும் வாரக்கணக்கில் மெதுவாக உடைத்துத் தின்கிற ஈஸ்ட் வகை ஒன்று உண்டு, டயஸ்டாட்டிகஸ். பெல்ஜியத்து செசோன் என்கிற பியருக்கான ஈஸ்ட் பலதும் அந்த ஜாதி. அங்கே அது வேண்டியதுதான். மூடின என் பாட்டிலில் வாயு ஏறி அது குண்டு.

கடைக்கு எழுதினேன். “உங்கள் பாத்திரம் சுத்தமில்லை.” மறுபடி எழுதினேன். “உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை.” சரி என்று பிரிக்காத இரண்டாவது ஜாடியை எடுத்து, கிருமி சாகப் பிரஷர் குக்கரில் வேகவைத்த மால்ட் கரைசலில் கொஞ்சம் விட்டேன். பதினைந்து நாளில் அதே 1.004. படம் அனுப்பினேன். பதிலே இல்லை. மூன்றாவது தடவை போன் செய்தால், அன்றைக்கு அத்தனை அன்பாகப் பேசின அதே ஆள் “மேனேஜர் கூப்பிடுவார்” என்று வைத்துவிட்டார். 86 பவுண்ட்!

எப்படி எடுப்பது, எப்படிச் சேமிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. தேதி இல்லாத ஜாடி வேண்டாம். அடுத்தவர் எடுத்த ஈஸ்ட்டே வேண்டாம், 11 கிராம் உலர்ந்த பாக்கெட் போதும், அதிலிருந்து நீங்களே எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும்போது மூடியை இறுக்காதீர்கள். புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னும் 30 பாட்டில் அலமாரியில் இருக்கிறது. தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மேலே போர்வை. ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டப் போகிறேன். மகனை வெளியே அனுப்பியாச்சு.