கார் ரிமோட் ஸ்டார்ட் அலாரம்: தப்பு கிட்டில் இல்லை, மாட்டின கையில்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போய் வருவது நான்தான். முடித்து வெளியே வரும்போது அவருக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. உச்சி வெயிலில் நின்ற காருக்குள் அவரை உட்கார வைக்க மனசு வரவில்லை. அவர் கீழே இறங்கி வருவதற்குள் ஏசி ஓடியிருக்கட்டும் என்றுதான் ரிமோட் ஸ்டார்ட்டோடு வரும் அலாரம் கிட் மாட்டினேன். வண்டி 2015 ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல் கியர். நெல்லையில் ஒரு அக்சஸரீஸ் கடையில் கூலியோடு 9,500 ரூபாய்.

சித்திரை, வைகாசி நன்றாக ஓடியது. ஆனிக் காற்று கிளம்பியதும் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு சைரன் அலறும். தெருவே எழுந்துவிடும், அப்பாவும்தான். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் சில நாள் ஓடும், சில நாள் மூன்று விநாடியில் நின்றுவிடும். போதாததற்கு நாலு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி டவுன்.

கடைக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும், வண்டியில் தட்டுப்பட்டால் சைரனை அடிக்க வைக்கும் ஷாக் சென்சாரின் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்து அனுப்பினார்கள். கடைசியில் கையால் ஓங்கித் தட்டினாலும் சத்தம் வராது, ஆனால் ராத்திரி மட்டும் அலறும். அப்படியென்றால் கோளாறு சென்சாரில் இல்லை என்று எனக்கே புரிந்தது.

அப்புறம்தான் எங்கள் ஊரிலேயே ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் போனேன். அவர் எதையும் உடனே கழற்றவில்லை. பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்து நடுவில் மீட்டரைக் கோர்த்தார். மீட்டரை வெளியே வைத்தபடி பானட்டை மூடி, வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டார். 180 மில்லி ஆம்பியர் காட்டியது. அலாரம் ஃபியூஸைப் பிடுங்கியதும் 30. சும்மா நிற்கும் வண்டி 50-க்குள் இருந்தால் சரி என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 180 என்றால் ஒரு நாளைக்கு நாலு ஏஎச்சுக்கு (ஆம்பியர்-ஹவர்) மேல் போகிறது. என் பேட்டரியே 35 ஏஎச்தான். நாலு நாளில் பாதி காலி.

"ஸ்டார்ட் ஆகி உடனே நின்னா முதல்ல இம்மொபிலைசரைத்தான் சந்தேகப்படணும். ஆனா அது ஒவ்வொரு தடவையும் நிறுத்தும்லா? ஒரு நா ஓடி ஒரு நா நிக்கின்னா லூஸ் காண்டாக்ட்தாம்மா" என்றார். இம்மொபிலைசர் என்பது சாவியில் இருக்கும் சிப்பைக் காணாவிட்டால் என்ஜினை ஓடவிடாத பூட்டு. அண்ணாச்சி நேராக, பானட் திறந்தால் அலாரத்துக்குச் சொல்லும் பின் ஸ்விட்சுக்குப் போனார். பக்கத்து பரோட்டாக் கடையில் ஒரு சுண்டைக்காய் அளவு மாவு வாங்கிவரச் சொல்லி, பின் தலையில் வைத்து, பானட்டை மூடித் திறந்தார். மாவு லேசாகத்தான் அமுங்கியிருந்தது. பின் மேல் பானட் சரியாக உட்காரவே இல்லை. ரப்பர் கிழிந்து, ஸ்பிரிங் துரு ஏறியிருந்தது. காற்றில் பானட் ஆடினால் யாரோ திறக்கிறார்கள் என்று நினைத்து அலாரம் கத்துகிறது. என்ஜின் அதிர்வில் ஆடினால் அதே காரணத்துக்காக ஸ்டார்ட்டை வெட்டுகிறது. தூங்க வேண்டிய அலாரம் யூனிட் தூங்காமல் கரண்ட் குடிக்கிறது. மூன்று வியாதிக்கும் ஒரே பின். புதுசு 120 ரூபாய்.

அதோடு விட்டிருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். ஆனால் டேஷ்போர்டைத் திறந்தபோது உள்ளே என் ஸ்பேர் சாவி, சாவித் துவாரத்துக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கோடிங்குக்கு வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கின சாவி! அதன் சிப்பைக் காட்டித்தான் இம்மொபிலைசரை ஏமாற்றியிருக்கிறார்கள். திருட்டைத் தடுக்க வேண்டிய அலாரத்தை மாட்டப் போய், வண்டிக்கு ஏற்கெனவே இருந்த காவலும் போயிருந்தது. வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று யூனிட்டுக்குச் சொல்லும் வயரையும் நேராக எர்த்தில் முறுக்கிவிட்டிருந்தார்கள். வண்டி கியரில் இருந்தாலும் நியூட்ரல் என்றே யூனிட் நம்பும்.

இதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. "ஏட்டி, கியர்ல போட்டு நிறுத்து" என்று அப்பா சொல்லிச் சொல்லிப் பழகின கை இது. ஒரு நாள் மறந்து கியரில் விட்டுவிட்டு ரிமோட்டைத் தட்டினால் வண்டி முன்னால் பாயும். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் எத்தனை பேர் போய் வருகிறார்கள்!

"இது ஆட்டோ கியர் வண்டிக்குத்தாம்மா. உனக்கு அலாரம் மட்டும் போதும்" என்று ரிமோட் ஸ்டார்ட்டைத் துண்டித்துவிட்டார். சாவியைக் கையில் கொடுத்தார். பெயிண்ட் மேல் முடுக்கியிருந்த எர்த் வயரைச் சுரண்டி மாட்டி, சென்சாரைச் சரியான அளவுக்கு ஏற்றிவைத்தார். பின் உட்பட 850 ரூபாய். மீட்டரில் இப்போது 45.

அலாரமாக மட்டும் பார்த்தால் கிட் மோசமில்லை. மேனுவல் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்குள் நான் இனி கால் வைக்க மாட்டேன். ஸ்பேர் சாவி கேட்டால், எதற்கு, எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது கண்ணாடிக்கு வெயில் தடுப்பு வைத்துவிட்டு, பத்து நிமிஷம் முன்னாடியே நான் இறங்கிப் போய் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆடி முழுக்க சைரன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை முறிந்து வண்டி மேல் விழுந்த அன்று.