புவா து லூக்: நொன்னாவோடு பார்த்த சுரங்க வீடு

பெல்ஜியத்தில் லா லூவியேரில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். புவா து லூக் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம் பக்கத்தில்தான், ஆனால் போனதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற இடம் என்று விட்டுவிட்டேன். போன மாதம் மேல்மாடி இத்தாலியக் கிழவிதான் "நான் வளர்ந்த இடத்தைக் காட்டுறன், வா" என்று இழுத்துக்கொண்டு போனார். என் பிள்ளைகள் அவரை நொன்னா என்று கூப்பிடுவார்கள், அம்மம்மா என்று அர்த்தம். (எங்கட ஊரில் நோனா என்றால் சீமாட்டி, கதை வேறு.)

சுரங்கக் கொம்பனி தொடங்கியது 1685 இல், சுரங்கத்தை மூடியது 1973 இல். 2012 இல் வலோனியாவின் (பெல்ஜியத்தின் தெற்குப் பகுதி) வேறு மூன்று சுரங்கங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். முற்றத்து வாசலில் மேலேயிருந்து கீழே இறங்குகிற பெரிய இரும்புக் கதவு இருக்கிறது. பெயரே கில்லட்டின் கதவு. வேலைநிறுத்தக்காரர் உள்ளே வராமல் மறிக்கப் போட்டது. டிக்கெட் காசு அதைப் பார்த்ததிலேயே சரி. இயந்திரங்களை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, கவனிக்க நொன்னா விடவும் இல்லை.

அவருக்கு வேண்டியது 'கரே' என்கிற குடியிருப்பு. 1838 முதல் 1853 வரை கொம்பனி தன் தொழிலாளருக்குக் கட்டிய நான்கு தொகுதி வீடுகள், பின்னால் தோட்டம். பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் கொம்பனியுடையதுதான். கொடுத்த சம்பளம் வந்த வழியே திரும்பிப் போகும்.

நொன்னாவின் தகப்பன் அப்ருட்ஸோ மலையில் ஆடு மேய்த்தவர். 1946 ஜூனில் இத்தாலியும் பெல்ஜியமும் ஒப்பந்தம் போட்டன: கிழமைக்கு 2,000 பேராக 50,000 ஆட்கள் இங்கே, பதிலுக்கு நிலக்கரி அங்கே. ஊரில் ஒட்டிய ரோஸ் நிறச் சுவரொட்டியில் சம்பளம், லீவு, பிள்ளைக் காசு எல்லாம் எழுதியிருந்ததாம். நிலத்துக்கடியில் என்ன காத்திருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. 1947 இல் மிலான் ஸ்டேஷன் நிலவறையில் டொக்டர்மார் நெஞ்சைத் தட்டிப் பார்த்து அவரை ரயில் ஏற்றினார்கள். கீழே இறங்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தை முறித்தவர்களை பிரசல்ஸில் பெத்தி ஷத்தோ என்கிற கட்டடத்தில் அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று நொன்னா சொன்னபோது நான் நின்றுவிட்டேன். 1986 இல் அகதிகள் நிலையமாக மாறிய அதே கட்டடம். நான் இந்த நாட்டில் முதலாவது இரவு படுத்ததும் அங்கேதான்.

தொழிலாளர் வீட்டுக்குள் போனதும் நொன்னா நேரே குசினிக்குள் நுழைந்து அடுப்பு முன்னால் நின்றுகொண்டார். வழிகாட்டிப் பெட்டை பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினாள். நொன்னா அதற்கு மேலால் எனக்கு வேறொரு வீட்டைச் சொன்னார். வாடகைக்கு வைத்திருந்த ஊர்ப் பெடியன்கள் இரண்டு பேர், ஒருவனுக்குப் பகல் வேலை, மற்றவனுக்கு இரவு வேலை, இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். தாய் உருட்டி வெட்டிய பாஸ்தாவைக் காயப்போடவும் அந்தக் கட்டில்தான். இரவு வேலைக்காரன் நித்திரையால் எழும்பும்வரை சமையல் நடக்காது. தோட்டத்தில் தக்காளியும் துளசி மாதிரி அந்த பாசிலிக்கோவும். பக்கத்து பெல்ஜியக்காரன் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து, கரிக்கழிவு மேட்டில் இலை பிடுங்கி வந்து சாப்பிடுகிற இவர்களை முயல் கூட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பானாம். தோட்டத்துக் கடைசியில் கக்கூஸ். அந்தச் சொல் எங்களுக்கு ஒல்லாந்தன் தந்தது என்று சொன்னேன், நொன்னா விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்சினெல் சுரங்கத் தீ விபத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். 1956 ஓகஸ்ட் 8. 262 பேர் செத்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர். "தகப்பன் அன்றைக்கும் வேலைக்குப் போனார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். தகப்பன் போனது 1961 இல், நெஞ்சுத் தூசியால். சிலிக்கோசிஸ் என்கிற அந்தத் தூசி நோயை பெல்ஜியம் தொழில் நோயாக ஒத்துக்கொண்டதோ 1964 இல். தாய்க்கு அந்த வகையில் ஒரு பிராங்கும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: தட்டையான சப்பாத்து போடுங்கள், நடை கூட. கரே வீடுகளில் இன்றைக்கும் சனம் குடியிருக்கிறது, ஜன்னலுக்குள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். (நொன்னா பார்த்தார், அவரை ஒன்றும் செய்ய ஏலாது.) இத்தாலியரோடு வேலை செய்கிறீர்கள் என்றால் அவர்களில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் கொம்பனியின் கதைதான் கூடுதலாகக் கேட்கும்.

என்னுடைய புள்ளி ஐந்துக்கு நாலரை. நொன்னா மூன்றுதான் கொடுத்தார். "எங்கட அடுப்பு ஒருநாளும் இவ்வளவு துப்பரவாக இருந்ததில்லை."