எடிஸ்டோன் ரைபிளுக்கு பேரல் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் பழைய எம் 1917 ரைபிள் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ரிசீவரில் (பேரல் எனும் குழல் மரையில் திருகி மாட்டப்படும் நடுப்பகுதி) எடிஸ்டோன் முத்திரை உள்ளவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

முதல் உலகப் போருக்காக இந்த ரைபிளை வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் என மூன்று ஆலைகளில் செய்தார்கள். பென்சில்வேனியாவின் எடிஸ்டோன் ஆலையில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். அங்கே பேரலை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள் என்பது துப்பாக்கி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பலவந்தமாகக் கழற்றினால் ரிசீவரின் முன்வளையம் விரிசல் விடலாம்.

தேய்ந்துபோன பேரலை மாற்ற என்னுடையதை ஒரு கடையில் கொடுத்தேன். "லேத்தில் வெட்டித்தானே கழற்றுவீர்கள்?" என்று கேட்டதற்கு "ஆமாம்" என்றார்கள். வெட்டவே இல்லை. திரும்பி வந்த பழைய பேரலில் ரிசீவரை ஒட்டிய தோள், அதாவது ரிசீவரில் முட்டி நிற்கும் விளிம்பு, அப்படியே முழுசாக இருக்கிறது. ரிசீவர் வளையத்தைச் சுற்றி வைக்கோல் நிறமும் நீலமுமாக ஒரு பட்டை. கேஸ் டார்ச்சின் தீயை வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த எஃகு உறுதியாக இருப்பதே பதம் போட்டதால்தான், கண்டபடி சூடேற்றினால் பதம் போய்விடும். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்தேன். மரையிலிருந்து மேலேறி, தலைமுடி கனத்தில் ஒரு ஈரக்கோடு எழும்பியது. அதுதான் விரிசல்.

கேட்டால், "பழைய துப்பாக்கி, விரிசல் முன்னமே இருந்திருக்கும்" என்கிறார்கள். கொடுப்பதற்கு முன் வேறொரு இடத்தில் காந்தத்தூள் சோதனை செய்து, விரிசல் இல்லை என்று வாங்கிய சான்று என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டியதும் கூலி வேண்டாம் என்றார்கள். கூலியா பிரச்சினை? இந்த நாட்டுச் சட்டப்படி சீரியல் எண் உள்ள ரிசீவர்தான் துப்பாக்கி. பேரலை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வாங்கலாம். விரிசல் விட்ட ரிசீவரில் தோட்டா போட்டுச் சுடுவது முகத்தைப் பணயம் வைப்பது.

முறையாகச் செய்பவர் ரிசீவருக்குச் சற்று முன்னால், பேரலின் தோளை ஒட்டி லேத்தில் ஒரு காடி வெட்டுவார். தோளின் அழுத்தம் விட்டதும் மரை இளகிவிடும். பிறகு பேரலை வைஸில் பிடித்து, முன்வளையத்தை முழுக்கக் கவ்வும் ரெஞ்சால் திருப்புவார். அதை விட்டு, ரிசீவரின் பின்பக்கம் கம்பியை நுழைத்துத் திருகினால் ரிசீவரே முறுக்கிக்கொள்ளும். காடி வெட்டிய பேரல் வீண்தான், ஆனால் தூக்கிப்போடப் போகிற பேரல்தானே அது.

காடி வெட்டுவோம், சூடு வைக்க மாட்டோம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எழுதித்தர மறுத்தால் ரைபிளோடு திரும்பி வந்துவிடுங்கள். கொடுக்கும் முன் வளையத்தை நாலாபக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். என் சான்றோடும் போட்டோக்களோடும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) மனு கொடுத்திருக்கிறேன்.