பி-டெக்ஸ் கேண்டிலா, ரிப்பேர் அயர்னா?

சீசன் ஆரம்பத்துல பனி கம்மியா இருக்கறப்ப ஸ்னோபோர்டை எடுத்துட்டு போனா அடியில கல்லு கோடு போடாம விடாது. மெல்லிசான கீறலை அப்படியே விடுங்க, வேக்ஸே போதும். நகம் மாட்டுற அளவு பள்ளம்னாதான் அதை பி-டெக்ஸ் (போர்டோட அடிப்பக்கத்தை, அதாவது பேஸை, ரொப்பற பிளாஸ்டிக்) வச்சு கேண்டிலால அடைக்கறதா, அயர்னாலயாங்கற கேள்வியே.

கேண்டில்ங்கறது பி-டெக்ஸ் குச்சி. சீப், ஒரு லைட்டர் இருந்தா போதும். பத்த வச்சு பள்ளத்துல சொட்ட விட்டா முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா சுடர் பெருசா மஞ்சளா எரிஞ்சா கரி சேந்துக்கும், கரியோட சொட்டினது சரியா ஒட்டாது, அதனால கேண்டிலை பேஸுக்கு ரொம்ப கிட்ட பிடிச்சு சுடரை சின்னதா நீலமா வச்சு, கரி வந்தா ஸ்க்ரேப்பர் மேல தேய்ச்சு விட்டுட்டு தொடரணும். (கையில சொட்டுச்சுன்னா தோலோட ஒட்டிக்கும், க்ளவுஸ் போடுங்க, ஜன்னலையும் திறந்து வைங்க.) இது போர்டு பேஸை விட மென்மை வேற, சின்டர்டு பேஸ்ல (பிளாஸ்டிக் பொடியை அழுத்தி செஞ்ச கெட்டி வகை) சீக்கிரம் பேந்துரும்.

ரிப்பேர் அயர்ன்ங்கறது சூடாகற முனை வச்ச கருவி. அதுல எரியறதே இல்ல, பி-டெக்ஸ் ரிப்பனை உருக்கி அமுக்கறோம், கரி கிடையாது, கெட்டியா நிக்கும். விலைதான் ஜாஸ்தி, ஒரே இடத்துல வச்சுட்டே இருந்தா பேஸும் வெந்துரும்.

எட்ஜ் (போர்டைச் சுத்தி இருக்கற இரும்புப் பட்டை) ஓரம்னா கேண்டிலை மறந்துடுங்க. பி-டெக்ஸ் இரும்புல ஒட்டாது, முதல்ல மெட்டல் க்ரிப் (இரும்புல ஒட்டற பிளாஸ்டிக்) ஒரு லேயர் அயர்னால போட்டாகணும். உள்ள கோர் (பேஸுக்கு உள்ள இருக்கற நடுப்பகுதி) தெரியுதுன்னா ரெண்டும் வேணாம், கடைக்கு எடுத்துட்டு போங்க.

எதுன்னாலும் முன்னாடி பழைய வேக்ஸை துடைச்சு, பிசிறை வெட்டி, நல்லா ஆறினப்புறம் சுரண்டுங்க. எக்ஸ்ட்ரூடட் பேஸ் (பிளாஸ்டிக்கை உருக்கி செஞ்ச சீப்பான வகை) போர்டு ஒண்ணுதான் இருக்குன்னா நான் கேண்டிலைத்தான் சொல்லுவேன்.