லண்டன் பொலிஸ் கார்கள்: வான் கண்ணாடியில் பார்த்த அளவில்

லண்டனில் டெலிவரி வான் ஓடுகிறவனுக்குப் பொலிஸ் கார் அன்றாடப் பாவனைப் பொருள் மாதிரித்தான். வாங்கியதில்லை, ஓட்டியதில்லை, ஆனால் நாள் தவறாமல் அதற்கு வழிவிட வேண்டியிருக்கிறது. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் பல வருடமாக ஓடியதில், லண்டனின் பெரும்பகுதியைப் பார்க்கிற மெற்றோபொலிட்டன் பொலிஸின் கார்களும் அவற்றில் ஒட்டியிருக்கிற கட்டங்களும் வீதியில் என்னைப் போன்ற ஒருவனுக்கு எவ்வளவு உதவுகின்றன என்று எனக்கென்றொரு அபிப்பிராயம் உண்டு.

முதலில் அந்த மஞ்சள், நீலக் கட்டங்கள். பாட்டன்பர்க் என்பார்கள். 1990களில் உள்துறை அமைச்சின் கீழிருந்த பொலிஸ் ஆய்வுப் பிரிவு மோட்டர்வே ரோந்துக் கார்களுக்காக உருவாக்கியது. பகலில் 500 மீற்றர் தூரத்திலேயே பொலிஸ் என்று தெரிய வேண்டும் என்பது இலக்கு. மோட்டர்வேயில் அது சொன்னபடி வேலை செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்புலன்ஸுக்கு மஞ்சளும் பச்சையும், தீயணைப்புக்கு மஞ்சளும் சிவப்பும் என்று பிரித்திருப்பதால், தூரத்தில் நிற்பது யார் என்றும் பிடிபட்டுவிடும்.

நகரத்துக்குள், றொம்ஃபோர்ட் றோட்டில் கதை வேறு. அங்கே 500 மீற்றர் பார்வை எங்கே கிடைக்கிறது? முன்னால் பஸ், பக்கத்தில் லொறி, கடைப் பலகைகளிலும் அதே மஞ்சளும் நீலமும். அதோடு, அவசரத்துக்குப் போகிற கார் பெரும்பாலும் நமக்குப் பின்னாலிருந்துதான் வரும். கட்டங்கள் ஒட்டியிருப்பதோ பக்கவாட்டில். கண்ணாடியில் தெரிவது பொனற்றும் விளக்குகளும்தான். தூரத்தில் வரும்போது கூரை விளக்கு கண்ணில் படும்; ஒட்டி வந்துவிட்டால் அது கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே போய்விடும், காரின் முன் கிறில்லுக்குள் இருக்கிற சின்ன நீல விளக்குகள்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், நகரத்துக்குள் அந்தச் சின்ன விளக்குகளுக்குத்தான் முதல் மதிப்பெண்.

சைரனை அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன். இரண்டு பக்கமும் மாடிவீடுகள் இருக்கிற ஒடுக்கமான தெருவில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. நீட்டி இழுக்கிற சத்தம் சட்டென்று துள்ளித் துள்ளி அடிக்கத் தொடங்கினால், சந்தியை நெருங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வேன். அப்படிச் சந்தியில் குறுக்கே வெட்டும்போதுதான் பக்கவாட்டுக் கட்டங்கள் தங்கள் காசுக்கு வேலை செய்கின்றன.

வழிவிடும்போது பதறி சிவப்பு விளக்கைத் தாண்டக் கூடாது. வீதிச் சட்டக் கையேட்டின் 219ஆவது விதி, சமிக்ஞைகளை மதித்தபடியே வழிவிடச் சொல்கிறது. கமரா பிடித்தால் வழக்கமான தண்டம் 100 பவுண், லைசென்ஸில் 3 தண்டப் புள்ளி. பின்னால் நிற்கிற பொலிஸ்காரர் வழி தேடிப் போய்க்கொள்வார். நாம் நின்ற இடத்தில் நிற்கலாம்.

கார்களைப் பற்றிச் சொல்வதானால், நீண்ட காலம் வொக்ஸோல் அஸ்த்ராதான் தெருவெங்கும். அப்புறம் பேஜோ 308, ஹியுண்டாய் ஐ30 என்று கலந்துவிட்டது. பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் கார்களும் வந்தன; 2018இல் ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் 11 எடுத்தார்கள். கண்ணாடி முன்னால் கம்பிவலை மடித்து வைத்த மேர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வான்கள் வரிசையாக வந்தால், எங்கோ ஊர்வலமோ கால்பந்தாட்டமோ என்று அர்த்தம். அன்றைக்கு வேறு பாதை பார்ப்பது நல்லது.

சின்ன அடையாளங்கள்தான் எனக்குப் பிடித்தவை. உடம்பில் மஞ்சள் வட்டம் ஒட்டிய பிஎம்டபிள்யூ எக்ஸ்5 போனால் உள்ளே ஆயுதம் தாங்கியவர்கள். லண்டனில் ஆயுதப் பொலிஸுக்கென்று தனிக் கார்கள் 1991இல் வந்தன, அப்போது வேறு மொடல்கள். முழுச் சிவப்பாக ஒரு பொலிஸ் கார் நின்றால் பக்கத்தில் தூதரகமோ வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமோ இருக்கும். கூரையில் பெரிய எழுத்தும் எண்ணும் இருப்பது என் டெலிவரி வானுக்குள் இருந்து பார்த்தால் தெரியாது, அது ஹெலிகொப்டருக்கு. விடுமுறை நாளில் இரட்டைத் தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால், கீழே நெரிசலில் நிற்கிற பொலிஸ் காரின் கூரை எழுத்தை வாசிக்கலாம். ஹெலிகொப்டருக்கு அடுத்தபடி அதற்கு வாசகர்கள் மேல்தட்டுப் பயணிகள்தான். 2011இல் வந்த 'டோட்டல் பொலிசிங்' என்ற சுலோகத்தைக் காரில் யாருக்காக ஒட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஓடுகிற காரில் அதை வாசிக்க முடியாது.

வைட்சப்பல் தாண்டி ஓல்ட்கேற்றுக்குள் நுழைந்தால் அது சிற்றி ஒஃப் லண்டன் பொலிஸ், வேறு படை. தொப்பிப் பட்டியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குப் பதில் சிவப்பு வெள்ளை. வழிவிடுகிற முறையில் மாற்றமில்லை. சிவப்பு விளக்குத் தண்டமும் அதே 100 பவுண்தான்.